வைரஸ் படம் போடணும்னா எது பெஸ்ட்? 3டியா, வாட்டர்கலரா, மைக்ரோஸ்கோப் போட்டோவா, பழைய டயக்ராமா

கொரோனா சமயத்துல எந்த சேனல வச்சாலும் ஒரே படம்தான், சாம்பல் கலர்ல ஒரு பந்து, அது மேல சிவப்பு சிவப்பா கொத்து. அத போட்டோன்னு நினைச்சுட்டு இருக்கறவங்க இன்னிக்கும் நிறைய பேர் இருக்காங்க. போட்டோ இல்லைங்க. அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசில இருந்த அலிசா எக்கர்ட், டான் ஹிக்கின்ஸ்ங்கற ரெண்டு மெடிக்கல் இல்லஸ்ட்ரேட்டர்ஸ் 2020 ஜனவரில கம்ப்யூட்டர்ல செஞ்ச 3டி மாடல் அது. அடுத்த மாசமே கலிபோர்னியால ஸ்க்ரிப்ஸ் ரிசர்ச்ல இருக்கற டேவிட் குட்செல் அதே வைரஸ வாட்டர்கலர்ல வரைஞ்சு குடுத்தாரு. அதே பிப்ரவரில மொன்டானா மாநிலத்துல ஹாமில்டன்ங்கற சின்ன ஊர்ல இருக்கற ராக்கி மவுண்டன் லேப்காரங்க எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல எடுத்த படத்துக்கு கலர் பூசி வெளியிட்டாங்க. வைரஸ் ஒண்ணுதான், மூணு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா மூணு வேற வேற ஜந்து மாதிரி இருக்கும்.

பாடப் புத்தகத்துக்கோ, பிரசன்டேஷனுக்கோ, யூட்யூப் வீடியோவுக்கோ இந்த மாதிரி படம் போட வேண்டி வர்றவங்க எல்லாரும் கேக்கற கேள்வி, இதுல எது கரெக்ட்னு. கேள்வியே கொஞ்சம் கோணல்னு நினைக்கறேன், ஏன்னா நாலு வழியுமே எதையாவது மறைச்சுதான் எதையாவது காட்டுது, அதனால வைரஸுக்கு சரியா வர்றது மனுஷ செல்லுக்கு சொதப்பும், செல்லுக்கு அழகா வர்றது பாக்டீரியாவுக்கு உதவாது.

மொதல்ல போட்டோ. "ஒரிஜினல் இருக்கும்போது எதுக்குங்க படம் வரையணும்"னு கேக்கறவங்களுக்காக இத முன்னாடி வைக்கறேன். நம்ம கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தோட அலைநீளம் சுமாரா 400ல இருந்து 700 நானோமீட்டர். சாதாரண லைட் மைக்ரோஸ்கோப்ல 200 நானோமீட்டருக்குக் கீழ ரெண்டு புள்ளிய தனித்தனியா பிரிச்சுப் பாக்க முடியாது. கொரோனா வைரஸோட குறுக்களவே சுமார் 100 நானோமீட்டர்தான். அப்ப நமக்குத் தெரியற அர்த்தத்துல அதுக்கு கலர்னே ஒண்ணு கிடையாது. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் குடுக்கறதும் கருப்பு வெள்ளைதான், கலரெல்லாம் அப்புறமா ஒருத்தர் உக்காந்து கம்ப்யூட்டர்ல பூசறது. பிரிஸ்டல்ல லூக் ஜெரம்னு ஒரு ஆர்ட்டிஸ்ட் இந்தக் கலர் விஷயத்துல கடுப்பாகி 2004ல இருந்து வைரஸையெல்லாம் நிறமே இல்லாத கண்ணாடில செய்றாரு, நேர்மையான ஆளு.

கலர விடுங்க, இன்னொரு சிக்கல் இருக்கு. மேற்பரப்ப மட்டும் பாக்கற ஸ்கேனிங் வகை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல வைக்கணும்னா சாம்பிள கெமிக்கல்ல ஊற வச்சு, தண்ணிய மொத்தமா எடுத்து, மேல உலோகப் பூச்சு குடுக்கணும். ஊடுருவிப் பாக்கற ட்ரான்ஸ்மிஷன் வகையில மெலிசா சீவி யுரேனியம், ஈயம் மாதிரி கனமான உலோக உப்பால ஸ்டெயின் பண்ணணும். நாம பாக்கறது காஞ்சு போன ஒண்ணோட உருவம். உயிரோட தண்ணிக்குள்ள அது எப்படி இருந்துச்சுங்கறது வேற. இதுக்குத்தான் க்ரையோ முறை வந்துச்சு, தண்ணிய ஐஸ் படிகம் ஆக விடாம சட்டுனு உறைய வச்சுப் பாக்கறது, 2017ல கெமிஸ்ட்ரி நோபல் அதுக்குத்தான் குடுத்தாங்க. ஆனா க்ரையோ படத்த அப்படியே போஸ்டர்ல போட்டீங்கன்னா பழைய டிவில சிக்னல் போன மாதிரி ஒரே புள்ளி புள்ளியா இருக்கும், யாரும் ரெண்டு செகண்ட் நிக்க மாட்டாங்க.

அதுக்காக போட்டோ வேஸ்ட்னு இல்ல. சாட்சி வேணும்னா அதுதான் சாட்சி. 1960கள்ல ஜூன் அல்மெய்டான்னு ஒரு ஸ்காட்டிஷ் பெண்மணி, காலேஜ் டிகிரி கூட இல்லாம லேப் டெக்னீஷியனா ஆரம்பிச்சவங்க, மனுஷனுக்கு வர்ற கொரோனா வைரஸோட படத்த மொதல்ல எடுத்தாங்க. சுத்தி ஒளிவட்டம் மாதிரி தெரிஞ்சதாலதான் 1968ல கிரீடம்னு அர்த்தம் வர்ற கொரோனாங்கற பேரே வச்சாங்க. அந்த மங்கலான படம் இல்லாம இன்னிக்கு இருக்கற 3டி பந்து எதுவும் இல்ல. அதனால "இது இருக்கு, நாங்க பாத்தோம்"னு சொல்ற இடத்துல போட்டோவ போடுங்க, கீழ "நிறம் பின்னாடி சேர்த்தது"ன்னு மறக்காம ஒரு வரி எழுதுங்க. நம்மூர் பேப்பர்ல இந்த ஒரு வரிய யாருமே போட மாட்டேங்கறாங்க, அது ஏன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல.

இப்ப 3டி. வைரஸுக்கு என் ஓட்டு இதுக்குத்தான், ஆனா நிபந்தனையோட. வைரஸ் சின்னது, உள்ள இருக்கற புரோட்டீன்ல பாதிக்கு மேல அணு அணுவா அளந்து வச்ச மாடல் புரோட்டீன் டேட்டா பேங்க்ல சும்மாவே கிடைக்குது, அந்த பேங்க்ல 2 லட்சத்துக்கு மேல அமைப்புகள் இருக்கு. கொரோனா மேல கொத்து கொத்தா நீட்டிட்டு இருக்கற ஸ்பைக் புரோட்டீன் வேணுமா, 6VSBன்னு தேடினா வந்துரும். சான் பிரான்சிஸ்கோல இருக்கற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட (யுசிஎஸ்எஃப்) கைமெராஎக்ஸ் சாஃப்ட்வேர்ல திறக்கலாம், படிக்கறவங்களுக்கு ஃப்ரீ. பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர் தெரிஞ்சவங்களா இருந்தா மாலிக்யுலர் நோட்ஸ்னு ஒரு ஆட்ஆன் இருக்கு, நேரா அதுக்குள்ளயே இறக்கிக்கலாம். எட்டு ஜிபி ராம் லேப்டாப்ல ஒரு ஸ்பைக் ஓடும், முழு வைரஸையும் அணு அளவுல போட்டா ஃபேன் கத்த ஆரம்பிச்சுரும், அதனால சர்ஃபேஸ் மாடலா மாத்தி டீடெயில கொறச்சு அதயே காப்பி பண்ணி ஒட்டுங்க.

நிபந்தனை என்னன்னா, சிடிசி படத்த அப்படியே காப்பி அடிக்காதீங்க. அந்தப் படம் செஞ்சப்ப இந்த வைரஸோட ஸ்பைக் அமைப்பே வெளிய வரல, அது வந்தது பிப்ரவரில. அதுக்கப்புறம் 2020லயே உறைய வச்ச வைரஸ 3டில ஸ்கேன் பண்ணிப் பாத்தவங்க, ஒரு வைரஸ் மேல சராசரியா 25 ஸ்பைக் பக்கம்தான் இருக்குன்னும், அதுவும் ஒரே சீரா இல்ல, வைரஸுக்கு வைரஸ் நிறைய மாறுதுன்னும் சொன்னாங்க. அதோட ஸ்பைக் விறைப்பா நிக்கல, காம்புல மூட்டு மாதிரி வளையற இடங்கள் இருக்கு, கண்டபடி சாஞ்சு ஆடுது. மேல சர்க்கரைச் சங்கிலி வேற போர்த்தி இருக்கு, நம்ம நோய் எதிர்ப்பு சக்திகிட்ட இருந்து ஒளிஞ்சுக்க. சிடிசி பந்துல இது எதுவும் இல்ல, ஸ்பைக் எல்லாம் நெருக்கமா விறைப்பா நிக்குது. அவங்கள குறை சொல்லல, ஒரு வாரம் பத்து நாள்ல ஊருக்கே ஒரு முகம் வேணும்னு கேட்டாங்க, குடுத்தாங்க, உலகம் பூரா பதிஞ்சுருச்சு. போஸ்டரா அது சூப்பர். பாடப் புத்தகத்துல இன்னும் அதயே போடறதுதான் சோம்பேறித்தனம்.

3டியோட பெரிய குறை வேற இடத்துல இருக்கு. ரெண்டர் பண்றவங்க எல்லாரும் ஒரு கருப்பு பேக்ரவுண்டு, சைடுல இருந்து நீல லைட்டு, பின்னாடி மங்கலான ப்ளர்னு போட்டுருவாங்க, வைரஸ் என்னமோ விண்வெளில மிதக்கற மாதிரி. உடம்புக்குள்ள அப்படி காலி இடமே கிடையாது. வைரஸுக்கு இத ஓரளவு மன்னிச்சு விடலாம், பாக்டீரியாவுக்கு முடியாது.

வாட்டர்கலர்ல வரையற குட்செல் ஜெயிக்கறது இங்கதான். இ.கோலை பாக்டீரியாவ எடுத்துக்கோங்க, சுமார் 2 மைக்ரான் நீளம், 1 மைக்ரான் அகலம் (ஒரு மைக்ரான்னா 1000 நானோமீட்டர்). அதுக்குள்ள இருக்கற இடத்துல 20ல இருந்து 30 சதவீதத்த பெரிய மூலக்கூறுகளே அடைச்சுக்குது. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கெழம ரங்கநாதன் தெருவுல நடந்திருக்கீங்களா, அதுதான் செல்லோட உள்பக்கம். நம்ம புக்குல வர்ற பாக்டீரியா படத்துல நடுவுல ஒரு சுருள் கயிறு, நாலஞ்சு புள்ளி, மிச்சமெல்லாம் வெள்ளை. பாக்கறவனுக்கு உள்ள ஒண்ணுமே இல்லன்னு மனசுல பதிஞ்சுரும், அப்புறம் ஆன்டிபயாடிக் உள்ள போய் புரோட்டீன் செய்ற மெஷினான ரைபோசோம எப்படித் தேடிப் புடிக்குதுன்னு ஆச்சரியப்படுவான். தேடவே வேணாம், வேகமா வளர்ற இ.கோலைக்குள்ள ரைபோசோம் பல்லாயிரக்கணக்குல இருக்கு, எங்க திரும்பினாலும் இடிக்கும்.

குட்செல் என்ன பண்றாருன்னா செல்ல குறுக்க வெட்டின மாதிரி, 10 லட்சம் மடங்கு பெருசாக்கி வரையறாரு. கணக்கு ரொம்ப சுலபம், ஒரு நானோமீட்டர் ஒரு மில்லிமீட்டர் ஆயிரும். ஒரு சராசரி புரோட்டீன் 5 மில்லிமீட்டர், ரைபோசோம் 2 சென்டிமீட்டர், கொரோனா வைரஸ் 10 சென்டிமீட்டர், இ.கோலை ரெண்டு மீட்டர். ஒவ்வொரு புரோட்டீனும் டேட்டா பேங்க்ல இருக்கற உருவம், அளவுப்படிதான், எத்தனை இருக்கணும்னு ஆராய்ச்சி சொல்லுதோ அந்த நெருக்கத்துலதான். லைட் கிடையாது, நிழல் கிடையாது, ஃப்ளாட் கலர், சுத்தி ஒரு மெல்லிய கோடு, அவ்ளோதான். கலர் கூட அலங்காரத்துக்கு இல்ல, வேலைக்கு ஏத்தபடி. இ.கோலை படத்துல செல் சுவர் பச்சை, உள் திரவப் பகுதி நீலமும் ஊதாவும், டிஎன்ஏ இருக்கற பகுதி மஞ்சளும் ஆரஞ்சும். ரெண்டு மூணு படம் பாத்துட்டீங்கன்னா லேபிள் இல்லாமலே எது எதுன்னு கண்ணு பிரிக்க ஆரம்பிச்சுரும்.

கையால வரையற பொறுமை இல்லாதவங்களுக்கு அவரோட ஆளுங்களே செல்பெயிண்ட்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் விட்ருக்காங்க, பிரஷ்ல கலருக்குப் பதிலா புரோட்டீன் இருக்கும், இழுத்தா அடுக்கிக்கிட்டே போகும். கைமெராஎக்ஸ்லயும் சாஃப்ட் லைட்டிங், அவுட்லைன் ரெண்டையும் ஆன் பண்ணா கிட்டத்தட்ட அந்த லுக் வந்துரும்.

மைனஸ் இல்லாம இல்ல. ஏழாம் வகுப்பு பையன்கிட்ட இந்தப் படத்த நீட்டினா கலர் துணுக்கு கொட்டின மாதிரி தெரியுமே தவிர ஒண்ணும் விளங்காது. தண்ணி மூலக்கூறு, உப்பு, சின்ன மூலக்கூறு எல்லாம் அவரும் விட்டுர்றாரு, அதையும் போட்டா பேப்பர்ல வெள்ளையே மிஞ்சாது. அசைவும் தெரியாது, நிஜத்துல அங்க எல்லாம் நொடிக்கு எத்தனையோ தடவ மோதி உருண்டுட்டு இருக்கு.

இந்த ஸ்டைலுக்கு ஒரு வினோதமான ஆபத்தும் உண்டு, அழகா இருந்தா ஜனங்க போட்டோன்னு நம்பிருவாங்க. ஈவன் இங்கர்சால், கேல் மெக்கில்ங்கறவங்க குட்செல் பாதிப்புல யூகேரியாட் செல்லோட, அதாவது நம்மள மாதிரி நியூக்ளியஸ் இருக்கற செல்லோட, குறுக்குவெட்டு ஒண்ணு 3டில செஞ்சாங்க, பவளப்பாறை மாதிரி கலர் கலரா ஜொலிக்கும். அத யாரோ "இதுவரைக்கும் எடுத்ததுலயே மனுஷ செல்லோட ரொம்பத் துல்லியமான படம், எக்ஸ்ரே, க்ரையோ எல்லாம் வச்சு எடுத்தது"ன்னு எழுதி சுத்த விட்டாங்க, உங்க ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கும் பாருங்க. டேட்டாவ அடிப்படையா வச்ச படைப்புதான், எடுத்த படம் இல்ல.

மனுஷ செல்னு வந்தா எனக்கே குட்செல் முறை திணறுது. 20 மைக்ரான் செல்ல அவரு அளவுக்கு வரைஞ்சா 20 மீட்டர் வரும், அதனால அவரும் ஒரு துண்டு மட்டும்தான் வெட்டி வரையறாரு. முழு செல்லோட திட்டம் புரியணும்னா நாம ரெக்கார்ட் நோட்டுல பென்சில்ல புள்ளி வச்சு வரைஞ்சமே, அந்த டயக்ராமுக்கு மாத்து இல்ல. நியூக்ளியஸ் எங்க, அது மேல இருக்கற உறையோட எண்டோபிளாஸ்மிக் வலை எப்படி ஒட்டிட்டு இருக்கு, அங்க இருந்து கோல்கிக்கு சரக்கு எப்படிப் போகுதுன்னு அம்புக்குறி போட்டு சொல்ல டயக்ராம்தான் லாயக்கு.

ஆனா மைட்டோகாண்ட்ரியாவ பீன்ஸ் கொட்டை மாதிரி போடறத மட்டும் தயவுசெஞ்சு நிறுத்துங்க. நிறைய செல்லுல அது கிளை கிளையா நீண்ட வலை, சேருது பிரியுது திரும்ப சேருது. பீன்ஸ் ஷேப் எங்க இருந்து வந்துச்சுன்னா, பெரும்பாலும் 1950கள்ல எடுத்த எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படங்கள்ல இருந்து, மெலிசா சீவின துண்டுல நீளக் குழாயோட ஒரு வெட்டு முட்டை முட்டையா தெரியும், அதயே பாத்து வரைஞ்சாங்க, நிலைச்சுருச்சு. நிஜம்னு நாம நம்பற போட்டோல இருந்துதான் இந்தத் தப்பு கிளம்புச்சு, அதனாலதான் போட்டோவுக்கு மொத இடம் குடுக்க எனக்கு மனசு வரல.

பயோரெண்டர் மாதிரி இழுத்து ஒட்டற தளங்கள பத்தி ரெண்டே வரி. வேகம் இருக்கு, சுத்தமா இருக்கு, எல்லா பேப்பர்லயும் ஒரே மாதிரி ரோஸ் கலர் செல் வந்து சலிச்சுப் போச்சு, ஃப்ரீ கணக்குல செஞ்சத ஜர்னல்ல போட லைசென்ஸ் கிடைக்காது. அதுக்கு பதிலா பயோஐகான்ஸ், சர்வியே மெடிக்கல் ஆர்ட், அமெரிக்க அரசு ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச்சோட பயோஆர்ட்னு மூணு ஃப்ரீ படத் தொகுப்புலயும் தேடி, இன்க்ஸ்கேப்ங்கற வரையற சாஃப்ட்வேர்ல அடுக்கிக்கலாம், காசும் மிச்சம்.

ஏஐ? 2024ல ஒரு ஜர்னல்ல ஏஐ போட்ட எலி படம் அர்த்தமே இல்லாத லேபிளோட அச்சாகி, சில நாள்லயே அந்தக் கட்டுரைய வாபஸ் வாங்கினாங்க. டிஎன்ஏவ வலப்பக்கம் முறுக்கறதுக்குப் பதிலா இடப்பக்கம் முறுக்கி விட்டுரும், மனுஷங்களும் அந்தத் தப்ப பண்றாங்கதான், ஆனா அவங்ககிட்ட சொன்னா திருத்துவாங்க. பேக்ரவுண்டு டிசைனுக்கு வேணா வச்சுக்கோங்க.

என்ன எடுக்கறதா இருந்தாலும் உரிமை விஷயத்த ஒரு தடவ பாத்துருங்க. சிடிசி பந்து பொதுச் சொத்து, யாரும் எடுக்கலாம், பேரு போட்டா மரியாதை. ராக்கி மவுண்டன் லேப் கொரோனா படங்களும், டேட்டா பேங்க் சைட்டுல இருக்கற குட்செல் வாட்டர்கலர்களும் பேரு குறிப்பிட்டா போதும்ங்கற லைசென்ஸ்லதான் கிடைக்குது. கூகிள் இமேஜ்ல கிடைக்கற பளபளா 3டி வைரஸ்ல நிறைய ஸ்டாக் கம்பெனிங்களோடது, அதுல கை வச்சா பில்லு வரும்.