ஆப்பிரிக்காபர்ன்: காசு செல்லாத ஊருக்குப் போகுமுன்

ஏப்ரல் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் டாங்க்வா கரூ பாலைவெளியில் முளைத்து, மே முதல் வாரத்துக்குள் சுவடில்லாமல் கலைந்துவிடும் கலைத் திருவிழா ஊர் இது. டர்பனிலும் ஜொஹானஸ்பர்கிலும் நம்மவர்கள் இதைப் பற்றி முதலில் கேட்பது, "அங்கே என்ன கிடைக்கும்?" பனிக்கட்டி கிடைக்கும். வேறெதுவும் விலைக்கு இல்லை. தண்ணீர்க் குழாய் கிடையாது, கடை கிடையாது, குப்பைத்தொட்டி கிடையாது, போன் சிக்னலும் கிடையாது. சில ஆயிரம் ராண்ட் டிக்கெட்டுக்குக் கொடுத்து, அதைவிட அதிகமாகப் பயணத்துக்கும் சாமானுக்கும் செலவழித்து, இந்த இல்லாமைக்குள் போய் உட்காருவதில் என்ன சுகம் என்று கேட்டால், அந்த இல்லாமைதான் சுகம். விற்க ஆளில்லாத இடத்தில் கொடுக்க ஆள் முளைத்துவிடுகிறார்கள்.

மூலம் அமெரிக்காவின் பர்னிங் மேன். 1986இல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் ஒரு மர மனிதனை எரித்ததில் தொடங்கி, 1990இல் நெவாடா பாலைவனத்துக்குப் போனது. 2004இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி ஹார்வி அதற்குப் பத்துக் கொள்கைகளை எழுதினார். 2007இல் டாங்க்வாவில் தொடங்கிய ஆப்பிரிக்காபர்ன் அந்தப் பத்தையும் எடுத்துக்கொண்டு, ஒருவர் ஒருவருக்குக் கற்றுக்கொடு என்று பதினொன்றாவதையும் சேர்த்துக்கொண்டது. முதலில் ஸ்டோன்ஹெஞ்ச் பண்ணையில் நடந்தது; இப்போது தேசியப் பூங்காவை ஒட்டிய குவாகாஃபொன்டெய்னில். கோவிட் காரணமாக 2020, 2021 இரண்டு வருடமும் நடக்கவில்லை.

கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். இது பண்டமாற்று இல்லை. நீங்கள் ஒரு கோப்பை காபி வாங்கினால் பதிலுக்கு எதையும் நீட்ட வேண்டாம், நீட்டினால் சங்கடப்படுவார்கள். கோயில் அன்னதானத்தில் வரிசையில் நின்று பழகிய நமக்கு இது சட்டென்று புரிந்துவிடும். என்ன கொடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வளையல், கீசெயின், ஸ்டிக்கர் எல்லாம் இரண்டாம் நாள் குப்பை. விடியற்காலைக் குளிரில் இஞ்சி தட்டிப் போட்ட டீ கொடுங்கள், வரிசை தானாக நிற்கும். 20 லிட்டர் கொதிகலனில் தலைக்கு 200 மில்லி என்றால் நூறு பேருக்கு வரும். கெடாத அட்டைப்பெட்டிப் பால், இரண்டு கேஸ் சிலிண்டர், அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் தகரத் தடுப்பு. தடுப்பு இல்லாவிட்டால் காற்று தீயைப் பக்கவாட்டில் இழுத்து, கொதிக்க இரண்டு மடங்கு நேரமாகும். காகிதக் கோப்பை கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொருவரும் இடுப்பில் சொந்தக் கோப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் திரிவார்கள்.

கலை விஷயத்தில் ஆப்பிரிக்காபர்னுக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். பின்னெக்ரிங் என்ற உள்வட்டச் சாலையைச் சுற்றி முகாம்கள். அதற்குள் வெட்டவெளியில் ஆளுயரத்திலிருந்து பல மாடி உயரம் வரை மரச்சிற்பங்கள். நடுவில் நிற்பது கிளான். தென்னாப்பிரிக்கப் பழங்குடிகளான சான் மக்களின் பாறை ஓவிய உருவத்திலிருந்து எடுத்த வடிவம். வருடா வருடம் புதிதாகக் கட்டி எரிக்கிறார்கள். தொட்டுப் பார்க்கலாம், சிலவற்றில் ஏறலாம், கட்டியவரிடமே நின்று பேசலாம். எல்லாம் அழகு என்று சொல்ல முடியாது, பாதி கோணங்கித்தனம். ஆனால் 2014இல் எழுப்பிய சப்டெராஃபியூஜ் போன்ற ஒன்று எல்லாக் குறையையும் ஈடுகட்டிவிடும். கரூ நிலத்தைத் துளைத்து எரிவாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்து, எண்ணெய்க் கிணற்றுக் கோபுரம்போல் நின்ற மரக்கோபுரங்கள் அவை. அந்த வருடம் வானிலை ஒத்துழைக்காமல் நின்றபடியே இருந்து, 2015இல்தான் எரிந்தன. எரிப்பு நேரம் காற்றைப் பொறுத்தது, அட்டவணையை நம்பிக் கோபப்படாதீர்கள். எரியும்போது காற்று வரும் பக்கமாக நில்லுங்கள்; எதிர்ப்பக்கம் நின்றால் கங்கு வந்து நைலான் ஜாக்கெட்டில் ஓட்டை போடும். பருத்தி, கம்பளி நல்லது. தீமிதி பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தீ புதிதல்ல, ஆனால் இந்த அளவு தீயின் அனல் வேறு ரகம். பாதுகாப்பைக் கவனிக்கும் ரேஞ்சர்கள் போட்ட கோட்டுக்கு அப்பாலும் பத்தடி தள்ளி நிற்கலாம், தப்பில்லை.

இனி சாலை. இதில்தான் ஆள் ஆளாகக் கவிழ்கிறார்கள். கேப்டவுனிலிருந்து செரெஸ் வழியாகப் போனால், காரூபூர்ட் தாண்டியதும் தார் முடிந்து ஆர்355 சரளைச் சாலை தொடங்கும். கால்வினியா வரை நடுவில் ஒரு ஊர்கூட இல்லை. செரெஸில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். சாலையில் கிடப்பது தட்டையான களிப்பாறைச் சில்லு. விளிம்பு கத்திபோல் இருக்கும், டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். டயர் காற்றை 1.8 பார் அளவுக்குக் குறைத்தால் கல்மேல் வளைந்து கொடுக்கும். அதற்கும் கீழே போனால் பக்கச்சுவர் வெளியே புடைத்து, கல்லுக்கு நேரே வந்து நிற்கும். வேகம் 60 தாண்ட வேண்டாம். எதிரே வண்டி வந்தால் இன்னும் குறையுங்கள், கண்ணாடி தப்பும். முழு அளவு ஸ்பேர் டயர் இரண்டு வேண்டும். டிக்கியில் வரும் ஒல்லி ஸ்பேர் இந்தச் சாலைக்கு ஆகாது. ஜாக்கி மண்ணில் புதையும் என்பதால் அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டும். டர்பனிலிருந்து விமானத்தில் கேப்டவுன் வந்து வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள்: டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றையும் சரளைச் சாலையில் காப்பீட்டிலிருந்து விலக்கும் வரி பல ஒப்பந்தங்களில் உண்டு. நண்பரின் பக்கி, அதாவது பிக்கப் வண்டி, கிடைத்தால் அதுவே மேல்.

தண்ணீர் தலைக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். நால்வர், ஆறு நாள் என்றால் 120 லிட்டர், அதாவது 25 லிட்டர் கேன் ஐந்து, 125 கிலோ. இதைக் கூரைமேல் ஏற்றாதீர்கள், சரளையில் வண்டி ஆடும். பின் அச்சுக்கு முன்னால், தரையோடு வையுங்கள். சோறு வடிக்கிற வழக்கத்தை ஒரு வாரம் மறந்துவிட வேண்டும். கஞ்சியைத் தரையில் கொட்டக் கூடாது, சட்டி கழுவிய நீரையும் கூடாது. எல்லாம் கேனில் ஊற்றித் திரும்பக் கொண்டுவர வேண்டும். குக்கரில் அளந்த நீரில் பிரியாணி பொங்கினால் வடிக்க ஒன்றுமிருக்காது. தட்டை முதலில் ரொட்டித் துண்டால் வழித்து, வினிகர் கலந்த நீரைத் தெளிப்பானில் அடித்துத் துணியால் துடையுங்கள். வெங்காயத் தோல், தேங்காய் நார், கறிவேப்பிலைக் காம்பு எல்லாவற்றையும் வலைப் பையில் போட்டு வெயிலில் தொங்கவிட்டால் எடை பாதியாகும், நாற்றமும் வராது. கழிவறை மட்கும் வகை. கழுவிப் பழகியவர்கள் செம்பு செம்பாக ஊற்றாமல் சின்னத் தெளிப்பானோடு சமாளித்துக்கொள்ளுங்கள். நீர் சேர்ந்தால் மட்காது, வரிசையில் பின்னால் நிற்பவர் பாவம்.

செடர்பெர்க் மலைக்கு மழைமறைவில் கிடக்கும் நிலம் என்பதால் தரை காய்ந்து இறுகியிருக்கும். கூடாரத்தோடு வரும் அலுமினிய ஆணி முதல் அடியிலேயே வளைந்துவிடும். கட்டடம் கட்டப் பயன்படும் 10 அல்லது 12 மில்லிமீட்டர் இரும்புக் கம்பியை அரை மீட்டராக வெட்டி, நான்கு பவுண்டு சுத்தியலால் சாய்வாக இறக்குங்கள். கம்பியின் தலையில் டென்னிஸ் பந்தைச் செருகாவிட்டால் இருட்டில் யாராவது காலைக் கிழித்துக்கொள்வார்கள். பிடுங்கும்போது நேரே இழுக்காமல் இடுக்கியால் திருகி எடுக்கவும். சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் ஒல்லிக்கால் கெசிபோ பந்தலை வாங்கவே வாங்காதீர்கள். முதல் புழுதிக் காற்றிலேயே அது பக்கத்து முகாமில் இருக்கும்.

பகலில் 30 டிகிரியைத் தொடும் இடம், இரவில் பூச்சியத்தை நெருங்கலாம். இன்சுலின் போடுபவர்கள் கவனம்: மருந்தைப் பனிக்கட்டியில் நேரடியாக வைத்தால் உறைந்து கெட்டுவிடும். துணி சுற்றி, டப்பாவில் போட்டு வையுங்கள். மருத்துவக் குழு இருக்கிறது, ஆனால் பெரிய ஆஸ்பத்திரி மணிக்கணக்கான தூரத்தில்.

சுவடு விடாமை என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறார்கள். ஜிகினா, இறகு, சரிகை உதிரும் துணி மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். கோலம் போடும் ஆசையும் வேண்டாம், அரிசி மாவானாலும் அது தரையில் விட்ட பொருள்தான். பூமாலையும் அப்படியே.

குறை என்றால் இரண்டு. இரைச்சல் பகுதியைத் தனியே வைத்திருந்தாலும் காற்று திரும்பினால் விடியும்வரை இசை காதில் அறையும்; குழந்தையோடு போகிறவர்கள் அதிலிருந்து மிகத் தொலைவான இடத்தைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது கனமானது: காசில்லாத ஊருக்குள் வரக் காசு நிறைய வேண்டும். கூட்டம் பெரும்பாலும் வெள்ளையர், வசதியானவர் என்ற விமர்சனம் பழையது, இன்னும் பொருந்துகிறது. டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து நான்கு பேர் பக்கியைப் பகிர்ந்துகொண்டு, கூடாரத்தை இரவல் வாங்கி வந்தால் சுமை குறையும். ஏப்ரல் 27 சுதந்திர தினமும் மே 1உம் விடுமுறை என்பதால் லீவும் மிச்சமாகும்.

திரும்பும்போது குப்பைப் பைகளை செரெஸ் கடைத்தெருத் தொட்டிகளில் திணிக்காதீர்கள், ஊர்க்காரர்களுக்கு அது தீராத எரிச்சல். வீடுவரை கொண்டுவரலாம், அல்லது வழியில் நகராட்சிக் குப்பைக் கிடங்கில் போடலாம். பையைக் கூரைமேல் கட்டுகிறவர்கள் மேலே வலை போடுங்கள். ஆர்355இன் வேலியில் தொங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் அப்படிப் பறந்து வந்ததுதான்.