போடிமெட்டு ஏற்றத்துக்கு எந்த இன்ஜின்? பழைய ஜீப்புக்கு நான்கு வழிகள்

போடியில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு கேரளத்தில் இருக்கிற எங்கள் பூப்பாறைக்குத் திரும்பும்போதுதான் என் ஜீப்பின் வயது தெரிகிறது. முந்தல் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அப்பா ஓட்டிய காலத்தில் இரண்டாம் கியரில் ஏறிய வளைவுகளை இப்போது முதல் கியரில்தான் எடுக்க முடிகிறது. பத்தாவது வளைவுக்குள் டெம்பரேச்சர் முள் மேலே போய்விடும். ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஆறவிட்டுப் போக வேண்டும்.

வண்டி 1993 மாடல் மஹிந்திரா எம்எம் 540. உள்ளே இருப்பது பெஜோ கம்பெனியின் எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின், 2112 சிசி. எங்கள் ஏலக்காட்டுக்குள் வேறு எந்த வண்டியும் இறங்காது. பறித்த பச்சைக் காயை டிரையருக்குக் கொண்டு போவதும், காய்ந்த காயைப் போடிக்கு இறக்குவதும் இதே வண்டிதான். அதனால் விற்கும் எண்ணமே இல்லை. போன சீசன் காய் விற்ற காசில் 1 லட்சம் ஒதுக்கி, பெரிய இன்ஜின் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து ஆசானிடம் போனேன். எங்கள் பக்கம் மூத்த மெக்கானிக்கை ஆசான் என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் முதலில் சொன்னது இதுதான்: “இன்ஜின் என்ன விலைன்னு மட்டும் கேட்காதீங்க தம்பி. அது கூட என்னென்ன இழுத்துக்கிட்டு வரும்னு கேளுங்க.”

அடுத்த இரண்டு வாரம் நாங்கள் போட்ட கணக்கு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குப் பதில்தான். இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன். இதில் வரும் தொகைகள் எங்கள் பட்டறையில் என் வண்டிக்குப் போட்ட கணக்கு. ஊருக்கு ஊர் மாறும்.

முதலில், இருக்கிற இன்ஜினின் நிலைமை

புது இன்ஜின் பேச்சை எடுக்கும் முன்பே ஆசான் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். பீடி குடிப்பவர் ஊதுவது மாதிரி விட்டு விட்டுப் புகை வந்தது. அதற்கு மேல் அரை அடி உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்து, பத்து எண்ணிவிட்டு என்னிடம் காட்டினார். கை முழுக்கப் பொடிப்பொடியாக ஆயில் துளி. பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிகிற காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அதாவது வண்டி இழுக்காததற்குக் காரணம் 2112 சிசி போதாது என்பதல்ல. அந்த 2112 சிசியும் முழுதாக வேலை செய்யவில்லை. இதை அன்றே மனதில் வாங்கியிருந்தால் எனக்குப் பல நாள் மிச்சமாகியிருக்கும்.

முதல் வழி இதுதான்: இருப்பதையே பிரித்துச் செய்வது. போர் வேலை (சிலிண்டர் துளையைக் கடைவது), பிஸ்டன் ரிங் செட், கிராங்க் கிரைண்டிங், பேரிங், ஹெட் வேலை, நாசில், பம்ப் காலிபரேஷன் எல்லாம் சேர்த்து 60 முதல் 65 ஆயிரம் வரை ஆகும் என்றார். வெளியே எதையும் வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். ஆனால் கிடைக்கப்போவது 62 குதிரைத்திறன்தான். அதைக் கேட்டதும் எனக்கு மனசு ஒட்டவில்லை.

2498 சிசி பெஜோ

அதே குடும்பத்துப் பெரிய அண்ணன் இது. அர்மடா போன்ற வண்டிகளில் வந்த எக்ஸ்டி3பி. என் இன்ஜினின் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 90 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 83. இதில் போர் 94, ஸ்ட்ரோக் 90. அதனால்தான் 2112 என்பது 2498 ஆகிறது. குதிரைத்திறன் 72 வரை போகிறது. சிசி கூடியிருப்பதால், இன்ஜின் மெதுவாகச் சுழலும் கீழ் சுற்றில் இழுவையும் கூடுகிறது.

பொருந்துமா என்று பார்க்க ஆசான் செய்த சோதனையை இன்ஜின் மாற்ற நினைக்கிற எல்லோரும் செய்ய வேண்டும். கியர்பாக்ஸைக் கழற்றி, அது இன்ஜினோடு சேரும் பெல் ஹவுசிங் முகத்தில் கிரீஸை லேசாகத் தடவினார். பழைய டிவி பெட்டியின் அட்டையை அதன் மேல் வைத்து அழுத்தினார். போல்ட் ஓட்டைகள், டவல் பின், நடு வட்டம் எல்லாம் அட்டையில் பதிந்துவிட்டன. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போய் வாங்கப்போகும் இன்ஜினின் பின்பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அளவு டேப்போ வாய்வார்த்தையோ தேவையில்லை. 2498 பெஜோவில் அட்டை அப்படியே உட்கார்ந்தது. என் கியர்பாக்ஸ், என் கிளட்ச் அமைப்பு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். கிடைப்பதெல்லாம் பழைய இன்ஜின்தான். 45, 50 ஆயிரம் கொடுத்து வாங்கினாலும், பிரித்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்ற ஆசான் சம்மதிக்கவில்லை. பிரித்தால் இன்னொரு 35 ஆயிரம். பட்ஜெட்டுக்குள் நிற்கிறது, ஆனால் விளிம்பில் நிற்கிறது. ஒரு பழைய இரும்புக் கடையில் பளபளவென்று கறுப்பு பெயிண்ட் அடித்த இன்ஜின் ஒன்றை எனக்குக் காட்டினார்கள். நல்ல இன்ஜின், ஒரே கை ஓட்டியது என்றார்கள். ஆசான் மவுண்டிங் பக்கத்தில் ஸ்குரூ டிரைவரால் பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே நாலு விரல் நீளத்துக்கு வெல்டிங் கோடு. பிளாக் வெடித்ததை ஒட்டி, மேலே பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்க இருந்தவன் நான். புதுசாகப் பெயிண்ட் அடித்த பழைய இன்ஜினை வாங்கவே வாங்காதீர்கள்.

2523 சிசி டிஐ

எங்கள் பக்கம் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் “டிஐ போடு” என்பார்கள். டிஐ என்றால் டைரக்ட் இன்ஜெக்ஷன், மஹிந்திராவின் டீசல் இன்ஜின். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. போர் 88.9, ஸ்ட்ரோக் 101.6 மில்லிமீட்டர். அங்குலத்தில் சொன்னால் மூன்றரைக்கு நான்கு. அங்குலக் கணக்கில் அளவு சரியாக வருகிறதே என்று யோசித்தால் காரணம் புரியும்: இது இன்டர்நேஷனல் என்ற கம்பெனியின் டிராக்டர் இன்ஜின் வம்சம். ஸ்ட்ரோக் நீளம், சுற்று குறைவு, இழுவை அதிகம்.

குதிரைத்திறனை மட்டும் பார்த்து ஏமாறுகிற இடம் இதுதான். என் பெஜோ 62 குதிரை, நிமிடத்துக்கு 4500 சுற்றில். 2010-ல் வந்த மஹிந்திரா தார் டிஐ ஜீப்பில் இருந்த, டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி) வைத்த 2523 சிசி இன்ஜின் 63 குதிரை, 3200 சுற்றில். ஒரே ஒரு குதிரைதான் வித்தியாசம். ஆனால் டார்க், அதாவது சுழற்றும் விசையைப் பாருங்கள்: பெஜோவுக்குச் சுமார் 120 நியூட்டன் மீட்டர், இதற்கு 180-க்குக் கொஞ்சம் மேல். வளைவில் வண்டி 1500 சுற்றுக்கு இறங்கும்போது டிஐ கையில் 38 குதிரை இருக்கும், பெஜோவிடம் 25 இருந்தால் அதிகம். கொண்டை ஊசியில் வண்டி நிற்பதும் ஏறுவதும் இந்த 1500 சுற்றில்தான் முடிவாகிறது. அதோடு மலை ஏற ஏறக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத இன்ஜின் 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் திறனை இழக்கும். டர்போ வைத்ததற்கு அந்தக் கஷ்டம் குறைவு.

டீசல் நேராக சிலிண்டருக்குள் பாய்வதால் எரிபொருளும் மிச்சம். மார்கழிக் குளிரில் ஹீட்டர் பிளக் சூடாகும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இவ்வளவு நல்லது இருந்தும் நான் ஏன் தயங்கினேன்?

அட்டை பொருந்தவில்லை. இரண்டும் வேறு வேறு குடும்பம். அதனால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்க லேத்தில் அடாப்டர் பிளேட் செய்ய வேண்டும். அதில் அரை மில்லி நடு விலகினாலும் கியர்பாக்ஸின் முன் பேரிங் கொஞ்ச நாளில் சத்தம் போட ஆரம்பிக்கும். இன்ஜின் கனம் கூடுவதால் முன் பட்டையில் ஒரு லீஃப் சேர்க்க வேண்டும். மவுண்டிங் புதிது. இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப் முன் ஆக்ஸிலைத் தட்டாமல் இருக்க இன்ஜினைத் தூக்கினால், பானெட் இடிக்கும். ரேடியேட்டர் பெரிதாக வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியம் கிரவுன் பினியன், அதாவது ஆக்ஸிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி. டிஐ 3200 சுற்றோடு முடிந்துவிடும். பெஜோ 4000-க்கு மேலும் சுற்றும். அதே கியர், அதே கிரவுன் வைத்தால், முன்பு 4000 சுற்றில் 80 கிலோமீட்டர் போன வண்டி டிஐயின் கடைசி சுற்றில் 64-தான் போகும். போடியிலிருந்து தேனி வரை சமதளத்தில் வண்டி கத்திக்கொண்டே ஓடும். சரி, கிரவுனை மாற்றலாம் என்றால், ஃபோர் வீல் வண்டியில் பின்னால் மட்டும் மாற்ற முடியாது. முன் ஆக்ஸிலிலும் அதே விகிதம் போட வேண்டும். இல்லையென்றால் ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றை ஒன்று இழுத்து உடைத்துக்கொள்ளும். எல்லாம் எழுதிக் கூட்டினால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. ஆசான் சொன்ன ‘இழுத்துக்கிட்டு வரும்’ என்பதற்கு அர்த்தம் அன்றுதான் புரிந்தது.

குவாலிஸ் இன்ஜின்

டொயோட்டா 2எல், 2446 சிசி. சத்தம் குறைவு, அதிர்வு குறைவு, ஓட்டச் சுகம். கேரளப் பக்கம் ஜீப்பில் இதைப் போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. ஆனால் குவாலிஸ் கியர்பாக்ஸில், முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கிடையாது. ஃபோர் வீல் வேண்டுமென்றால் என் கியர்பாக்ஸையே வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கும் அடாப்டர் பிளேட் வேண்டும். குவாலிஸ் வருவது நின்று இருபது வருடம் ஆகிறது, நல்ல இன்ஜின் கிடைத்தால் விலை அதிகம். சேற்றில் மூட்டை இழுக்கிற வண்டிக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. கம்ப்யூட்டர் டீசலைக் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் இன்ஜின்களைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. வயரிங், சென்சார், கம்ப்யூட்டர் என்று பாதி வண்டியையே வாங்க வேண்டும்.

யாரும் கணக்கில் எழுதாத இரண்டு

ஒன்று பிரேக். டீசல் இன்ஜினில், மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கத்தை (காற்றில்லா வெற்றிடத்தை) ஒரு தனி பம்ப்தான் கொடுக்கிறது. பல இன்ஜின்களில் அது ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து இருக்கும். பழைய இன்ஜின் வாங்கும்போது அதைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுப்பார்கள். கேட்டு வாங்காமல் வந்தால், முதல் இறக்கத்தில் மிதி கல்லாக இருக்கும். என் வண்டி நாலு சக்கரமும் டிரம். ஏறுவதற்குக் கூடுதல் சக்தி சேர்த்துவிட்டு, அதே 17 வளைவுகளில் மூட்டையோடு இறங்குவதைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. அந்த வண்டியில் அம்மாவும் உட்கார்ந்து வருகிறார்.

இன்னொன்று ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தெளிவாக இருக்கிறது: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், கம்பெனி முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, இப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 15 வருடம் தாண்டிய வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை காட்டி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அப்போது இன்ஜின் நம்பரையும் பார்ப்பார்கள். கே.எல். 06 நம்பரோடு தினமும் தமிழ்நாட்டுக்குள் இறங்கி ஏறுகிற வண்டி இது. முந்தலிலும் போடிமெட்டிலும் செக்போஸ்ட். இன்ஷூரன்ஸ் கம்பெனியும் விபத்து நேர்ந்தால் முதலில் இதைத்தான் கிளறும்.

இந்த ஒரு கணக்கு எல்லா வரிசையையும் தலைகீழாக்கிவிட்டது. இயந்திரப் பொருத்தத்தில் 2498 பெஜோ முதல். இழுவையில் டிஐ முதல். ஆனால் இரண்டுமே சிசியை மாற்றுகின்றன. ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அந்த இரண்டையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ஜீப் கேட்டுக்கு வெளியே வருவதே இல்லை, காட்டுக்குள்ளேயே மூட்டை இழுக்கிறது. அந்த வண்டிக்கு டிஐ போடச் சொல்லி நானே சொல்லியிருக்கிறேன். அங்கே 64 கிலோமீட்டர் வேகம் யாருக்கு வேண்டும்?

எனக்கு முதல் வழியேதான். 2112 சிசியைப் பிரித்துச் செய்கிறோம். அப்பா இரண்டாம் கியரில் ஏறியது இதே இன்ஜினில்தானே. மிச்சமாகும் பணத்தில் ரேடியேட்டர் கோர் மாற்றுகிறோம், நாலு சக்கரத்துக்கும் பிரேக் லைனிங், வீல் சிலிண்டர், ஒரு புது வேக்கம் பம்ப். பிளாக்கும் கிராங்கும் செவ்வாய்க்கிழமை ஒரு பிக்கப்பில் தேனி லேத்துக்கு இறங்கிவிட்டன. ஆசான் பிளாக்கைக் கொடுக்கும் முன் இன்ஜின் நம்பர் மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தப் பேப்பரை ஆர்.சி. நகலோடு பின் செய்து என்னிடம் கொடுத்தார். லேத்திலிருந்து திரும்பி வரும்போது அதே பிளாக்தானா என்று சரிபார்க்க. அடுத்த பறிப்புக்கு முன் வண்டி வெளியே வந்துவிடும் என்கிறார்.