ப்ளூடூத் ஓபிடி அடாப்டர்: தெர்மோஸ்டாட்டைக் காட்டிக் கொடுத்தது, மைலேஜ் கணக்கில் சொதப்பியது

மைலேஜ் குறைந்துவிட்டது என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் முதலில் ஏர் ஃபில்டர், அடுத்து ஸ்பார்க் பிளக், அதற்கும் அசையவில்லை என்றால் இன்ஜெக்டர் கிளீனிங் என்று பில் வளர்ந்துகொண்டே போகும். என் காருக்கும் இந்த மூன்றும் நடந்தன, மைலேஜ் திரும்பவில்லை. இத்தனைக்கும் இன்ஜெக்‌ஷன் வைத்த பெட்ரோல் காரில் அடைத்த ஏர் ஃபில்டரால் இழுவை குறையுமே தவிர மைலேஜில் பெரிய வித்தியாசம் வராது, ஏனென்றால் உள்ளே வரும் காற்றை அளந்துதான் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோல் விடுகிறது. செக் இன்ஜின் விளக்கும் எரியவில்லை, ஆகவே ஒர்க்‌ஷாப்பைப் பொறுத்தவரை வண்டியில் கோளாறே இல்லை. அதற்கப்புறம்தான் இந்த ப்ளூடூத் அடாப்டரை வாங்கினேன், காரின் ஓபிடி சாக்கெட்டில் செருகினால் இசியூவில் உள்ள எண்களைப் போனுக்கு அனுப்பும். உள்ளே இஎல்எம்327 வகை சிப், போனில் ஒரு ஆப், அவ்வளவுதான். எனக்கு இதில் உருப்படியாகப் பயன்பட்டது ஒரே ஒரு எண், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை. அந்த ஒன்றுக்காகவே வாங்கலாம் என்பேன்.

மாட்டுவதில் சிரமம் இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே டேஷ்போர்டின் அடியில் 16 பின் சாக்கெட் இருக்கும், அதில் செருகி இக்னிஷனை ஆன் செய்து போனோடு இணைத்தால் வேலை முடிந்தது. ஐபோன் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனியுங்கள், பழைய வகை ப்ளூடூத் அடாப்டர் அதோடு ஒத்துப்போகாது, ப்ளூடூத் எல்இ அல்லது வைஃபை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் மெழுகு வால்வு. சாதாரணமாக 82 முதல் 90 டிகிரி வாக்கில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும், அதுவரை கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகும். இது மூடியபடி சிக்கிக்கொண்டால் இன்ஜின் கொதித்து ஊரையே கூப்பிடும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். திறந்தபடி சிக்கிக்கொண்டால் சத்தமே இருக்காது. மூடியில்லாத பானையில் தண்ணீர் காய வைப்பதைப் போல இன்ஜின் சூடேறாமலேயே ஓடிக்கொண்டிருக்கும். இசியூ அதைப் பார்த்து "இன்னும் குளிராகத்தான் இருக்கிறது" என்று பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாகவே விடும், ஆயிலும் கெட்டியாக இருந்து உராய்வைக் கூட்டும், சில ஆட்டோமேட்டிக் கார்களில் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக் ஆவதும் தள்ளிப்போகும். எல்லாம் சேர்ந்து அடி விழுவது மைலேஜில்தான்.

டேஷ்போர்டு முள்ளை நம்பி இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பல கார்களில் அந்த முள், ஓட்டுபவர் பயப்படக்கூடாது என்பதற்காக ஒரு பெரிய வெப்பநிலை வரம்பு முழுக்க நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. என் காரில் நடுக்கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது, அதை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆப்பில் அதே நேரத்தில் எண் 66. ஹைவேயில் வேகம் பிடித்தால் அறுபதை நோக்கி இறங்கும், நெரிசலில் நின்றால் மெல்ல 80ஐத் தொடும், மறுபடி வேகம் எடுத்ததும் சரியும். வேகத்தில் குளிர்ந்து, நின்றால் சூடாவதுதான் திறந்தபடி சிக்கிய தெர்மோஸ்டாட்டின் முக்கிய அடையாளம். நன்றாக இருக்கும் தெர்மோஸ்டாட் என்றால் கிளம்பியதும் எண் மளமளவென ஏறி, திறக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சறுக்கல் காட்டி, பிறகு சில டிகிரிக்குள்ளேயே நிற்கும். ஆப்பின் கிராஃப் வசதியில் இதை ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது, இதற்கு மட்டும் முழு மதிப்பெண்.

ஆனால் எண் குறைவாக இருப்பதாலேயே தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடக் கூடாது, சென்சாரே பொய் சொல்லலாம். இதையும் அடாப்டரிலேயே சோதிக்கலாம். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டுப் பாருங்கள். கூலன்ட் வெப்பநிலையும், உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலையும், வெளி வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் தனியாக விலகி நின்றால் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். என் காரில் மூன்றும் ஒட்டியே இருந்தன. ஃபியூயல் டிரிம் எண்களும் (பெட்ரோல் அளவில் இசியூ செய்யும் திருத்தம்) பூஜ்ஜியத்தை ஒட்டியே இருந்ததால் காற்றுக் கசிவு, ஆக்ஸிஜன் சென்சார் பக்கம் போக வேண்டியிருக்கவில்லை.

கடைசியாகக் கை வைத்தும் பார்த்துவிட்டேன். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால், தெர்மோஸ்டாட் திறக்கும்வரை அது பெரிதாகச் சூடாகக் கூடாது. என்னுடையது ஆரம்பத்திலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தது. (சில கார்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே இந்தச் சோதனை அப்படியே பொருந்தாது. ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றும், கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.)

கழற்றியபோது சந்தேகமே இல்லை, கையில் குளிர்ந்து கிடந்த நிலையிலும் வால்வில் வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி. புதியதைப் போட்டு, கூலன்ட் நிரப்பி, காற்றுக்குமிழி போகும்வரை விட்டு ஓட்டினேன், எண் 90ஐ ஒட்டியே நிற்கிறது, ஹைவேயிலும் கூட.

பிறகு ஏன் கோடு (இசியூ பதிவு செய்யும் கோளாறு எண்) வரவில்லை? தெர்மோஸ்டாட்டுக்கான கோடு பி0128. இவ்வளவு நேரம், இவ்வளவு காற்று என்று கணக்குப் போட்டு, அதற்குள் கூலன்ட் குறிப்பிட்ட சூட்டை எட்டவில்லை என்றால்தான் இசியூ அதைப் பதிவு செய்யும், அதுவும் பெரும்பாலும் அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில். பாதி திறந்து சிக்கியிருந்தாலோ வெயில் காலமாக இருந்தாலோ அந்தச் சூட்டை எப்படியோ எட்டிவிடும், விளக்கு எரியாது. அதனால் ஸ்கேன் செய்து "கோடு எதுவும் இல்லை" என்று வந்தால் அதோடு அடாப்டரைக் கழற்றி வைத்துவிடாதீர்கள்.

இனி குறைகள். ஆப் காட்டும் மைலேஜ் எண்ணை நான் கண்டுகொள்வதே இல்லை. அது பெட்ரோலை அளப்பதில்லை, காற்றை அளந்து 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று ஊகிக்கிறது. இன்ஜின் குளிராக இருந்து கூடுதல் பெட்ரோல் குடிக்கும் நேரத்தில் அந்தக் கணக்கு எப்படிச் சரியாக வரும்? நமக்கு எண் தேவைப்படும் நேரத்தில்தான் அது தப்பாகச் சொல்கிறது. டீசலுக்கு இன்னும் மோசம். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போடும் பழைய முறைதான் சரி. அப்படிப் பார்த்ததில் இழந்த மைலேஜில் பெரும்பகுதி திரும்பிவிட்டது.

இன்னொன்று, சாக்கெட்டின் 16வது பின்னில் பேட்டரி மின்சாரம் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். காரை நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். ஆப் திரையில் பத்து அளவுமானிகளை ஒன்றாக வைத்தால் எல்லாமே நத்தை வேகம், இரண்டு மூன்றோடு நிறுத்தினால் சரியாக ஓடுகிறது. டப்பாவில் வர்ஷன் 2.1 என்று போட்டிருந்தது, மலிவு நகல்களில் பெரும்பாலானவை அப்படித்தான் சொல்லிக்கொள்ளும், ஆப் கேட்கும் சில கட்டளைகளுக்குப் பதிலே வராது. கூலன்ட் எண்ணுக்கு அது தடையில்லை.

எலக்ட்ரானிக் தெர்மோஸ்டாட் உள்ள கார்களில் 100, 105 என்று காட்டினால் பதறாதீர்கள், இன்ஜின் மேல் சுமை குறைவாக இருக்கும்போது வேண்டுமென்றே அப்படிச் சூடாக ஓட்டுகிறார்கள். உங்கள் இன்ஜினின் தெர்மோஸ்டாட் எத்தனை டிகிரி என்று முதலில் தெரிந்துகொண்டு அப்புறம் கிராஃபைப் பாருங்கள், பல தெர்மோஸ்டாட்களில் அந்த எண் உலோகத்திலேயே பொறித்திருக்கும்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். ஓபிடி சாக்கெட் இல்லாத பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படாது, அவர்களுக்கு ஹோஸைத் தொட்டுப் பார்ப்பதுதான் வழி.