இளஞ்சிவப்பாக இருந்தால் நல்ல விதை என்று நம்பாதீர்கள்

புன்னாலைக்கட்டுவனில் 4 பரப்புச் செம்மண்ணில் கச்சான் போட இறங்கி, 10 கிலோ விதையில் ஏமாந்திருக்கிறேன். விற்றவரின் பெயரை எழுதவில்லை. அதே மாதிரிப் பையை வேறு இடங்களிலும் கண்டதால்தான் இந்தப் பதிவு.

"பங்கசு நாசினி பூசிய விதை" என்று சொல்லி, சாதாரண விதையைவிட ஒன்றரை மடங்கு விலை வாங்கினார். பருப்பெல்லாம் இளஞ்சிவப்பு. மருந்து பூசிய விதையை யாரும் தவறி வாயில் போட்டுவிடாமல் இருக்கச் சாயம் சேர்ப்பது வழமைதான். நிறத்தைக் கண்டு மயங்கிய எனக்கு, பையில் மருந்தின் பெயரோ சான்றுத் துண்டோ இல்லாதது கண்ணில் படவில்லை.

பாத்தி கட்டி, விதைத்து, இறைத்து, பத்தாம் நாள் பார்த்தால் 20 குழிக்கு ஐந்தாறுதான் மண்ணைப் பிளந்திருந்தன. கடைக்கு ஓடினேன். "மருந்து பூசினால் முளை பிந்தும் தம்பி, அவசரப்பட வேண்டாம்" என்று கைபேசியில் ஓர் ஆங்கிலக் கட்டுரையையும் காட்டினார். நம்பி இன்னொரு கிழமை இறைத்தேன், மண்ணெண்ணெய் விற்கிற விலையில்!

விவசாயப் போதனாசிரியரிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டுரை கோதுமையைப் பற்றியதாம். திரையசோல் என்ற வகைப் பங்கசு நாசினிகள் கோதுமைக் குருத்தை மூடிவரும் உறையைக் கட்டையாக்கும்; ஆழமாக விதைத்திருந்தால் முளை வெளியே வரப் பிந்தும். அது உண்மை. கச்சானுக்கோ அந்த உறையே கிடையாது. கோதுமை விளையாத ஊரில் கோதுமையைச் சாட்டுச் சொல்லியிருக்கிறார் மனிதர்!

மிஞ்சிய விதையை வீட்டில் ஊறவைத்தேன். தண்ணீர் சிவந்தது, பருப்பு வெளிறியது. ஒன்றைப் பிளந்து முகர்ந்தால் காறிய எண்ணெய் வாடை. எண்ணி 100 பருப்பை ஈரச் சாக்கில் சுற்றி வைத்ததில் 31 மட்டுமே முளைத்தன. பழைய விதைக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். உண்மையான மருந்தாகவே இருந்தாலும், அது உயிருள்ள முளையைக் கழுத்தழுகல் என்ற பங்கசு நோயிலிருந்து காக்குமே தவிர, செத்த விதையை எழுப்பாது. இந்தச் சாக்குச் சோதனையை விதைப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். ஐந்தாறு நாள் வேலைதான்.

காசைத் திருப்பிக் கேட்டபோது, "பற்றுச்சீட்டு எங்கே?" என்றார். 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அவரிடம் வாங்கினேன் என்று காட்ட என் கையில் துண்டுக் கடதாசிகூட இல்லை. நீங்களாவது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மிச்சம் ஒரு சிரங்கை விதை போத்தலில் இருக்கிறது. அயலில் யாராவது நிறத்தைப் பார்க்க விரும்பினால் வாருங்கள். வாயில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.