ஐந்து வருஷமாக ஐசிஜி: தியேட்டர் நர்ஸின் அனுபவம்

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் லேப்ராஸ்கோப்பி கேமராவில் அகச்சிவப்பு வசதி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. பெரும்பாலும் கர்ப்பப்பை புற்றுநோய் கேஸ்களுக்குத்தான் அதை எடுப்போம். ஐசிஜி (இண்டோசயனின் கிரீன்) என்ற சாய மருந்தை ஊசியாகப் போட்டு, அந்தக் கேமராவில் பார்ப்போம். ‘புற்றுநோய் பச்சையாக மின்னும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, ஐசிஜி விஷயத்தில் அது தப்பு. மின்னுவது நோய் இல்லை, நோய் பரவினால் முதலில் போய்ச் சேரக்கூடிய நெறி. நெறி கட்டியிருக்கு என்போமே, அதே நெறிதான்.

மருந்து ஒன்றும் புதிது இல்லை, 1959லிருந்து ஈரல், இதயப் பரிசோதனைகளுக்குப் பயன்படுகிறது. 25 மில்லிகிராம் குப்பியில் கரும்பச்சைத் தூளாக இருக்கும். ஊசிக்கான சுத்தத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் பழக்கதோஷத்தில் நார்மல் சலைனை ஏற்றிவிட்டாள், திப்பி திப்பியாக நின்றது, குப்பியே வீண். கரைத்ததை 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இதில் அயோடைடு இருப்பதால் அயோடின் அலர்ஜி உண்டா என்று முந்தின நாளே கேட்டுவிடுவேன்.

கர்ப்பப்பை வாயில், கடிகாரத்தில் 3 மணியும் 9 மணியும் இருக்கும் இடங்களில் டாக்டர் ஊசி போடுவார். அப்புறம் கேமரா பட்டனை அழுத்தினால் மஞ்சள் கொழுப்பு எல்லாம் மறைந்து திரை இருண்டுவிடும், அந்த இருட்டில் இடுப்புச் சுவரை ஒட்டி ஒரு நூல் ஊர்ந்து போய் மொச்சைக் கொட்டை அளவில் ஒரு புள்ளியில் நிற்கும். இத்தனை வருஷம் கழித்தும் அந்த நிமிஷம் எனக்கு அலுக்கவில்லை. திரையில் தெரியும் பச்சை மருந்தின் பச்சை இல்லை. மருந்து திருப்பி அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத ஒளி, அதற்குக் கேமராதான் பச்சை பூசிக் காட்டுகிறது.

முன்பு நீலச் சாயம் போட்டோம். மறுநாள் யூரின் பை நீலமாக நிறைந்ததைப் பார்த்து சொந்தக்காரர்கள் பதறுவார்கள். ஐசிஜி பித்தத்தோடு போய்விடும், அந்தத் தொல்லை இல்லை. நெறிகளை மொத்தமாக வழிக்காமல் ஒன்றிரண்டை மட்டும் எடுப்பதால் கால் வீக்கமும் குறைகிறது. வயல்காட்டில் நிற்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமா?

குறை இல்லாமல் இல்லை. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கொழுப்பு மூடியிருந்தால் ஒளி வெளியே வராது. நெறிக்குப் போகும் நிணநீர்க் குழாயைத் தெரியாமல் வெட்டினால் சாயம் வழிந்து, மாட்டுத்தாவணி சிக்னல் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் பச்சை விழுந்த மாதிரி ஆகிவிடும், எது நெறி என்றே தெரியாது. சில சமயம் ஒரு பக்கம் மட்டும் மின்னும். இந்த முறையைச் சோதித்து 2017இல் வெளிவந்த ஃபயர்ஸ் என்ற ஆய்வில் நெறி தெரிந்தவர்களில் பரவலை 97 சதவீதம் சரியாகப் பிடித்தது, ஆனால் இரண்டு பக்கமும் தெரிந்தது பாதிப் பேருக்குக் கொஞ்சம் மேல்தான். தெரியாத பக்கத்து நெறிகளை முழுசாக எடுக்க வேண்டும் என்பது விதி. நோயே நெறியை அடைத்துக்கொண்டால் சாயம் உள்ளே நுழையாது, அதனால் பச்சை வந்தாலும் வராவிட்டாலும் பெரிதாக, கல் மாதிரி இருப்பதை டாக்டர் விடமாட்டார்.

புற்றுநோய் செல்லையே தேடிப் பிடித்து ஒளிரும் மருந்தும் இருக்கிறது. பஃபோலாசியானைன், அமெரிக்காவில் 2021இல் சினைப்பைப் புற்றுக்கும் 2022இல் நுரையீரலுக்கும் அனுமதி கிடைத்தது. எங்கள் தியேட்டருக்குள் நான் அதைப் பார்த்ததில்லை.

போன வருஷம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா. வலது பக்கம் பளிச்சென்று மின்னியது. இடது பக்கம் கும்மிருட்டு, அங்கேதான் கையில் தட்டுப்படும்படி ஒன்று இருந்தது, எடுத்தோம். பயாப்சி ரிப்போர்ட் அந்த இடது நெறியில்தான் பரவல் என்று வந்தது. டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே, மகன் எதையோ அரைகுறையாகக் கேட்டுச் சொல்லியிருப்பான் போல, வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இடது பக்கம் பச்சையே காட்டலையாமே தாயி, அப்ப அந்தப் பக்கம் சுத்தம்தானே?” என்றார். “டாக்டர் வந்து விவரமாச் சொல்வாரும்மா” என்று சொல்லிவிட்டு, சரியாகவே ஓடிக்கொண்டிருந்த ட்ரிப்பை இன்னொரு தரம் சரிபார்த்தேன்.