பட்டியல் தளமா, விலைக்கு வாங்கிய இணைப்பா, தெரிந்தவர் தரும் பரிந்துரையா? மசாஜ் சிகிச்சையாளருக்கான பேக்லிங்க் அலசல்

சென்னையில் சொந்தமாகத் தொழில் நடத்தும் மசாஜ் சிகிச்சையாளர் ஒருவர் இணையதளம் தொடங்கினால், குறைந்த விலைக்கு நூற்றுக்கணக்கில் பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) போட்டுத் தருவதாகச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி வெகு விரைவில் வந்து சேரும். அதை ஏற்பதா, ஜஸ்ட்டயல், சுலேகா போன்ற பட்டியல் தளங்களில் பதிவதோடு நிறுத்திக்கொள்வதா, பிறருடைய தளங்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பதா, தம்மை நேரில் அறிந்த அமைப்புகளின் தளங்களில் இடம்பெற முயல்வதா என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கேள்வி.

பிற தளங்கள் தரும் இணைப்புகளைக் கொண்டு ஒரு பக்கத்தின் தகுதியை மதிப்பிடும் பேஜ்ரேங்க் முறையைக் கூகுளின் நிறுவனர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் விவரித்தார்கள். இன்று கூகுள் வேறு பல அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தாலும் இணைப்பு தன் இடத்தை இழந்துவிடவில்லை. உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே கூறுகிறது. எத்தனை தளங்கள் ஒரு தொழிலைச் சுட்டுகின்றன என்பது இவற்றுள் மூன்றாவதில்தான் சேரும். ஆகவே எவ்வளவு இணைப்புகளைச் சேர்த்தாலும் வேளச்சேரியில் உள்ள மையம் அண்ணா நகரில் தேடுபவருக்கு அருகில் வந்துவிடாது. இதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை.

இந்தத் தொழிலுக்கே உரிய இன்னொரு அளவுகோலும் உண்டு. மசாஜ் என்றதும் ஐயத்தோடு பார்க்கும் வழக்கம் நம் ஊரில் வலுவாக இருக்கிறது. ஸ்பா, மசாஜ் மையங்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் உத்தரவிட்டதும், அது தனியுரிமையைப் பாதிக்கும் என்று அடுத்த மாதமே அதன் மதுரை அமர்வில் மாறான தீர்ப்பு வந்ததும், தொழிலைச் சுற்றியுள்ள இந்த மனநிலைக்குச் சான்றுகள். முறையாகப் பயின்று, முதுகுவலிக்கும் தசைப்பிடிப்புக்கும் சிகிச்சை தரும் ஒருவரின் இணைப்பு எந்தத் தளத்தில், எவற்றின் பக்கத்தில் நிற்கிறது என்பதைக் கூகுளைவிடக் கூர்மையாக வாடிக்கையாளரே கவனிக்கிறார்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் விலைக்கு வாங்கும் இணைப்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தேடல் வரிசையில் முன்னேறுவதற்காக இணைப்பை வாங்குவதையும் விற்பதையும் கூகுளின் விதிகள் தடை செய்கின்றன. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் முறையில் செய்த பெங்குவின் மாற்றம், இப்படி இணைப்பு சேர்த்த தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. 2022 டிசம்பரிலிருந்து கூகுளின் ஸ்பேம்பிரெய்ன் என்னும் அமைப்பு அத்தகைய இணைப்புகளைக் கண்டறிந்து, அவற்றின் பலனை இல்லாமல் ஆக்குகிறது. பலர் அறியாத விவரம் ஒன்று உண்டு: வலைப்பதிவருக்கு இலவசமாக மசாஜ் செய்துவிட்டு அவரிடம் இணைப்புப் பெறுவதும் இதே விதிக்குள் வரும், அந்த இணைப்பில் விளம்பரம் என்பதற்கான ஸ்பான்சர்ட் குறியோ, இணைப்பைத் தேடல் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் நோ ஃபாலோ குறியோ இருந்தாக வேண்டும். இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, மொத்தமாக விற்கப்படும் இணைப்புகள் பெரும்பாலும் சூதாட்டத் தளங்களுக்கும் ஆபாசத் தளங்களுக்கும் நடுவில்தான் நிற்கும். துணிக்கடைக்கு அது வீண் செலவு என்பதோடு முடிந்துவிடலாம். மசாஜ் சிகிச்சையாளருக்கு அது பெயர்க்கேடு.

பட்டியல் தளங்களின் நிலை வேறு. பயனர்களும் வணிகர்களும் தாமே பதிவிடும் தளங்கள் பலவும் வெளி இணைப்புகளுக்கு நோ ஃபாலோ குறி இடுகின்றன. 2005இல் அறிமுகமான இக்குறியைக் கூகுள் 2019இல் கட்டாயக் கட்டளை என்பதிலிருந்து வெறும் குறிப்பாகத் தளர்த்தியது உண்மைதான். ஆனாலும் இங்கிருந்து பெரிய வலு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பயன் வேறிடத்தில் இருக்கிறது: பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால், இவை அனைத்தும் ஒரே தொழிலைக் குறிக்கின்றன என்பது கூகுளுக்கு உறுதிப்படுகிறது. சென்னையில் இது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். ஒரே கட்டடத்துக்குப் பழைய கதவு எண், புதிய கதவு எண் என இரண்டு உண்டு. ஒரு தளத்தில் அண்ணா சாலை என்றிருப்பது மற்றொன்றில் மவுண்ட் ரோடு ஆகிவிடும். தியாகராய நகர், தி. நகர், மாம்பலம் என்று ஒரே தெரு மூன்று ஊர்ப் பெயர்களில் அலையும். கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் எழுதிய முகவரியையே எழுத்து மாறாமல் மற்ற எல்லா இடங்களிலும் படியெடுத்துப் போடுவது, ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் பயனுள்ள வேலை.

வீடுகளுக்கே சென்று சிகிச்சை தருபவர்கள், குறிப்பாகப் பெண்கள், கூகுளில் சேவைப் பகுதியை மட்டும் காட்டித் தங்கள் முகவரியை மறைத்துவிட முடியும். பட்டியல் தளம் அதே முகவரியை ஊரறியப் போட்டுவிடுகிறதா என்பதை அவர்கள் பார்த்துவிட்டே பதிய வேண்டும். கட்டணப் பட்டியல்களைப் பொறுத்தவரை, ஒருவரின் விசாரணையைப் பல போட்டியாளர்களுக்கும் சேர்த்து அனுப்பும் வழக்கம் உள்ளதால், அங்கிருந்து வரும் அழைப்புகள் விலை பேசுவதிலேயே முடிகின்றன. இலவசப் பதிவு போதும் என்பது என் கருத்து.

பிறர் தளத்துக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கும் முறை ஒரு காலத்தில் செல்வாக்கோடு இருந்தது. கூகுளின் ஸ்பேம் தடுப்புக் குழுவின் தலைவராக இருந்த மேட் கட்ஸ், இணைப்புக்காகக் கட்டுரை எழுதுவதை நிறுத்திக்கொள்ளுமாறு 2014 ஜனவரியிலேயே எச்சரித்தார். எழுதும் ஆற்றல் உள்ளவர்கள் அந்த உழைப்பைத் தங்கள் தளத்திலேயே முதலீடு செய்வது மேல். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் எனச் சித்த மருத்துவம் வகுத்துள்ள ஒன்பது தொக்கண (மசாஜ்) முறைகளையும், அவற்றைக் கற்ற ஒருவர் படங்களோடு தமிழில் தெளிவாக விளக்கினால், மாணவர்களும் பத்திரிகையாளர்களும் தாமாகவே அதைச் சுட்டுவதற்கு வாய்ப்பு உண்டு. அது மெதுவாக நடக்கும், நடக்காமலும் போகலாம்.

என் முதல் தேர்வு, நேரில் அறிந்தவர்கள் தரும் இணைப்பே. சென்னை மாரத்தான் ஜனவரியில் நடக்கிறது. அதற்கு முந்தைய மாதங்களில் ஓட்டக் குழுக்களின் உறுப்பினர்கள் கெண்டைக்கால் பிடிப்போடு ஆள் தேடுவார்கள். அதே காலத்தில் மார்கழிக் கச்சேரிகளுக்கும் நாட்டியத்துக்கும் பயிற்சி எடுப்பவர்களின் முழங்காலும் இடுப்பும் நோகும். ஓட்டக் குழுவோ நாட்டியப் பள்ளியோ யோகா மையமோ தன் தளத்தில், 'எங்கள் உறுப்பினர்கள் இவரிடம் செல்கிறார்கள்' என்று ஒரு வரி எழுதி இணைத்தால், அதைச் சொடுக்குபவர் பாதி நம்பிக்கையோடுதான் வருகிறார். அந்த இணைப்பு முகப்புப் பக்கத்துக்குப் போகாமல், ஓட்டக்காரர்களுக்கோ நடனக் கலைஞர்களுக்கோ தனியாக எழுதிய பக்கத்துக்குப் போக வேண்டும்; இணைப்பைத் தாங்கும் சொற்களும் 'சென்னையில் சிறந்த மசாஜ்' என்றில்லாமல் தொழிலின் பெயராகவே இருப்பது இயல்பாகவும் பாதுகாப்பாகவும் இருக்கும்.

இதிலும் எல்லைகள் உண்டு. நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்து ஆதரவாளர் பட்டியலில் இடம்பெற்றால், அதுவும் ஸ்பான்சர்ட் குறிக்குரிய இணைப்புதான். ஆட்களைக் கொண்டுவரும், தேடல் வலுவைத் தராது. எலும்பு மருத்துவர் ஒருவர் தம் தளத்தில் பரிந்துரைப்பதாக இருந்தால், அதற்குக் கைம்மாறு எதையும் பேசக் கூடாது. நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குவதை மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் நெறிமுறை விதிகள் தடுக்கின்றன. மயிலாப்பூர் டைம்ஸ், அடையார் டைம்ஸ் போன்ற வட்டாரப் பத்திரிகைகளை அணுகும்போது விளம்பரத்தையும் செய்தியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: முதியோருக்கான இலவச முகாம் ஒன்றை உண்மையிலேயே நடத்தினால் அது செய்தியாகலாம், புதிய கட்டணச் சலுகை ஆகாது.

ஏற்கெனவே ஏமாந்து மொத்தமாக இணைப்பு வாங்கியவர்கள் தள உரிமையாளர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோல் கருவியில் இணைப்புகள் என்னும் பகுதியை இலவசமாகத் திறந்து பார்க்கலாம். அங்கே அறியாத அயல்நாட்டுத் தளங்கள் வரிசையாக நின்றாலும், கூகுளிடமிருந்து நேரடி எச்சரிக்கை வந்தாலோ, வாங்கிய இணைப்புகளால் அது வரக்கூடும் என்று தோன்றினாலோ தவிர, வேண்டாத இணைப்புகளைப் பட்டியலிட்டு அவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கருவியைத் தொடத் தேவையில்லை. நல்ல இணைப்பையும் தவறுதலாக அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால், ஓட்டக் குழுவிடம் அரிதாகப் பெற்ற ஒரே இணைப்பின் பயனும் தேடலில் போய்விடும்.