கிராஃப் தாளா, கணினியா? ஒரு மாம்பழக் கணக்கெடுப்பும் அதன் பட்டை வரைபடமும்

மாம்பழ சீசனில் சேலம் அம்மாபேட்டையில் எந்தத் தெருவில் நடந்தாலும் தறிச் சத்தத்தோடு பழ வாசமும் கூடவே வரும். டியூஷனுக்கு வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லித்தர எனக்கு அதைவிட நல்ல கேள்வி கிடைக்கவில்லை: "உங்க வீட்டுல எந்த மாம்பழம் ரொம்பப் பிடிக்கும்?" மல்கோவா, இமாம் பசந்த், செந்தூரா, பெங்களூரா, குண்டு என ஐந்து பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். திரும்பி வந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மிஸ், கிராஃப் ஷீட்ல போடட்டுமா, கம்ப்யூட்டர்ல போடட்டுமா?"

இரண்டிலும் போடவைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் தாள். வீடு வீடாகக் கேட்கும்போதே பெயருக்கு நேராக நேர்க்கோட்டுக் குறி போடவேண்டும். நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. ஒருமுறை ஒரு சிறுமி தறியில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் கேட்டிருக்கிறாள். "எது வெல கம்மியோ அதான் கண்ணு எங்க வீட்டு மாம்பழம்" என்று பதில் வந்தது. ஐந்து பெயரில் எதிலும் இது சேராது. அவள் தாளின் ஓரத்தில் அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள். அடுத்தடுத்த வீடுகளிலும் அதே மாதிரி பதில் வரவே, ஆறாவதாக 'எதுவானாலும்' என்று ஒரு வரிசை சேர்த்துக்கொண்டோம். கூகுள் ஃபார்மில் கேட்டிருந்தால், அந்த அக்கா ஐந்தில் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். ஃபார்மிலும் 'மற்றவை' என்று ஒரு இடம் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் தறி மிதித்துக்கொண்டே அதில் தட்டச்சு செய்ய யாருக்கு நேரம் இருக்கிறது?

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 வீடுகள்: மல்கோவா 18, இமாம் பசந்த் 15, செந்தூரா 9, பெங்களூரா 6, குண்டு 5, எதுவானாலும் 7. கிராஃப் தாளில் 1 செ.மீ. = 2 வீடுகள் என்று அளவுத்திட்டம் வைத்தால் மல்கோவாவுக்கு 9 செ.மீ., இமாம் பசந்துக்கு 7.5 செ.மீ. குண்டுக்கு 2.5. மில்லிமீட்டர் கட்டம் இருப்பதால் அரை சென்டிமீட்டர் தகராறே இல்லை. பட்டையின் அகலமும் இடைவெளியும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும். அந்த இடைவெளியைப் பிள்ளைகள் அலட்சியம் செய்வார்கள். நிகழ்வுச் செவ்வகத்தில் (ஹிஸ்டோகிராம்) பட்டைகள் ஒட்டி நிற்கும், ஏனென்றால் அங்கே வயது, உயரம் போல ஒன்றையடுத்து ஒன்று தொடரும் அளவுகள். மல்கோவாவுக்கும் செந்தூராவுக்கும் நடுவே அப்படி எந்தத் தொடர்ச்சியும் கிடையாது.

தாளில் இருக்கும் சிரமமும் நிஜம். அளவுத்திட்டம் தப்பாக எடுத்துவிட்டால் பாதியில் தாள் தீர்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து போடவேண்டும். கடைசி நேரத்தில் இன்னும் இரண்டு வீட்டுப் பதில் வந்தால் அழித்து வரைவதற்குள் தாள் நைந்துபோகும். நூறு வீட்டைத் தாண்டினால் குறி எண்ணுவதிலேயே கண் பூத்துவிடும். அங்கே எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ்தான் சரி. ஒரு பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுன்ட்இஃப் (COUNTIF) சூத்திரத்தை ஒரு பழத்துக்கு எழுதி கீழே இழுத்துவிட்டால் ஆறு எண்ணும் வந்துவிடும்.

ஆனால் கணினி எழுத்தை எழுத்தாகத்தான் பார்க்கும். 'இமாம் பசந்த்', 'இமாம்பசந்த்', 'இமாம் பசந்து' மூன்றும் அதற்கு மூன்று பழம். சூத்திரத்தில் எதை எழுதினோமோ அதை மட்டும் எண்ணிவிட்டு மற்ற இரண்டையும் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதனால் ஆறு எண்ணையும் கூட்டி 60 வருகிறதா என்று பார்க்காமல் வரைபடத்துக்குப் போகவே கூடாது. தாளில் எண்ணுகிற பிள்ளை இந்தத் தப்பைச் செய்யமாட்டாள். மூன்றும் ஒன்றென்று அவளுக்குத் தெரியும்.

இன்னொரு ஆபத்து வரைபடத்தின் எண் அச்சில் இருக்கிறது. எண்களுக்கிடையே வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால், எக்செல் போன்ற மென்பொருள் அச்சைப் பூஜ்ஜியத்தில் தொடங்காமல் மேலே தூக்கி வைத்துக்கொள்ளும். நான்கு தெருக்களில் 18, 17, 16, 16 என்று வந்திருக்கிறது, அச்சு 15-இல் தொடங்குகிறது என்று வையுங்கள். 18-இன் பட்டை 16-இன் பட்டையைப் போல மூன்று மடங்கு உயரமாக நிற்கும். பட்டை வரைபடத்தில் நீளம்தான் பேச்சு. அடியை வெட்டினால் அது பொய் சொல்லும். அச்சு அமைப்புக்குள் போய்க் குறைந்தபட்ச மதிப்பைப் பூஜ்ஜியம் என்று நாமே கொடுத்துவிடவேண்டும்.

ஃபார்ம் தானாகப் போட்டுக்காட்டும் படம் போதாதா என்றும் கேட்பார்கள். ஒரே ஒரு விடை தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு அது வட்ட விளக்கப்படம்தான் காட்டும். நம் கணக்கில் 'எதுவானாலும்' 42 பாகை, பெங்களூரா 36, குண்டு 30. மூன்று துண்டையும் எண் போடாமல் வைத்து எது பெரிது என்று கேட்டுப்பாருங்கள், தடுமாறுவார்கள். பட்டையில் பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஒரே கோட்டிலிருந்து கிளம்பும் நீளத்தை ஒப்பிடுவதில் நம் கண் கோணத்தைவிடக் கெட்டி என்பதை புள்ளியியலாளர்கள் வில்லியம் கிளீவ்லேண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984-இல் சோதனை செய்து காட்டினார்கள். ஒரு வீடு இரண்டு பழம் சொல்லலாம் என்று விட்டுவிட்டால் வட்டத்துக்கு வேலையே இல்லை. மொத்தம் 60-ஐத் தாண்டிவிடும்.

நிமிர்த்தி நிறுத்துவதா, படுக்கவைப்பதா? நம் பெயர்களுக்குப் படுக்கைதான் என் தேர்வு. கணினியில் நிமிர்ந்த பட்டைக்குக் கீழே 'இமாம் பசந்த்' என்று எழுதினால் இடம் போதாமல் எழுத்து சாய்ந்துவிடும், கழுத்தைச் சாய்த்துப் படிக்கவேண்டும். படுக்கைப் பட்டையில் பெயர் இடப்பக்கம் நேராக நிற்கும். 1786-இல் வில்லியம் பிளேஃபேர் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக்குப் பட்டைகள் வரைந்தபோது அவரும் படுக்கவைத்துத்தான் வரைந்தார். பல வருட விவரம் கிடைக்காமல் ஒரே வருடக் கணக்கு மட்டும் கையில் இருந்ததால் அவர் கண்டுபிடித்த வழி அது. நம் கணக்கெடுப்பும் ஒரு சீசன் கணக்குதானே.

பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்குங்கள். 'எதுவானாலும்' மட்டும் 7 ஆனாலும் கடைசியில் வேறு நிறத்தில் இருக்கட்டும், அது ஒரு பழத்தின் பெயர் இல்லையே. வயது வாரியாகக் கேட்டிருந்தால் இப்படி அடுக்கக்கூடாது, வயது வரிசையே வரிசை.

இதே சேலத்தில் சூரமங்கலத்தில் 25 வீடுகளில் கேட்டு 10 வீடு மல்கோவா சொன்னால், அம்மாபேட்டையின் 18-ஐப் பக்கத்தில் வைத்து ஒப்பிடமுடியாது. அங்கே 40 சதவீதம், இங்கே 30. இரட்டைப் பட்டையைச் சதவீதத்தில் போடவேண்டும், அதற்குக் கணினியே வசதி.

ஆகவே என் பிள்ளைகளுக்கு முதல் கணக்கெடுப்பு எப்போதும் கிராஃப் தாளில். அதே 60 பதிலை அடுத்த வாரம் கணினியில் ஏற்றி, இரண்டு படத்தையும் ஒரே சுவரில் ஒட்டச் சொல்வேன். தலைப்புக்குக் கீழே எத்தனை வீடுகள், எந்தத் தெரு, எந்த மாதம், ஒரு வீட்டுக்கு எத்தனை விடை என்று இருக்கவேண்டும். தாள் ஓரத்தில் அந்தச் சிறுமி எழுதிவந்த வாக்கியத்தையும் ஆறாவது பட்டைக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே எழுதவைத்தேன்.